கண்ணாடி விளிம்பு: சொல் விளக்கம்

பெரிய நிறுவனங்களில் பெண்கள் ஓரளவுக்கு மேல் உயர முடியாமல் தடுக்கும், வெளியே தெரியாத தடையைக் ‘கண்ணாடிக் கூரை’ என்கிறோம். 1978இல் நியூயார்க்கில் நடந்த ஒரு கலந்துரையாடலில் அமெரிக்க மேலாண்மை ஆலோசகர் மர்லின் லோடன் பேசியபோது புழக்கத்துக்கு வந்த ‘கிளாஸ் சீலிங்’கின் தமிழ் அது. சரி, கூரையைத் தாண்டி மேலே போன பெண்ணுக்கு அப்புறம் என்ன ஆகிறது? அதைச் சொல்லப் பிறந்ததுதான் ‘கிளாஸ் கிளிஃப்’. கிளிஃப் என்றால் செங்குத்தான பாறை. நிறுவனம் நெருக்கடியில் இருந்து, தோற்று விழும் ஆபத்து அதிகமாக உள்ள நேரத்தில் பெண்ணை உயர்பதவியில் அமர்த்துவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

இது பிறந்ததே ஒரு சண்டையில்தான். பெண்கள் இயக்குநர் குழுவில் இருக்கும் நிறுவனங்களின் பங்குகள் சரிகின்றன, ஆகவே பெண்களால் நஷ்டம் என்ற தொனியில் 2003இல் லண்டன் டைம்ஸ் ஒரு கட்டுரை வெளியிட்டது. எக்ஸெட்டர் பல்கலைக்கழக உளவியலாளர்கள் மிஷெல் ரயனும் அலெக்சாண்டர் ஹஸ்லமும் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று பார்த்தார்கள். சந்தை சரிந்த காலத்தில் பெண்களை நியமித்த நிறுவனங்கள், நியமனத்துக்கு முந்தைய ஐந்து மாதங்களாகவே தள்ளாடிக்கொண்டிருந்தன. ஆக, பெண் வந்ததால் சரியவில்லை. சரிந்துகொண்டிருந்தபோதுதான் பெண்ணைக் கூப்பிட்டார்கள். ஆய்வு 2005இல் வெளியானது.

இரண்டு எடுத்துக்காட்டுகள். ஆன் மல்காஹி 2001இல் ஜெராக்ஸின் தலைமைச் செயல் அதிகாரியானபோது நிறுவனம் திவாலாகும் நிலையில் இருந்தது. அவர் மீட்டுவிட்டார். 2009இல் தடுமாறிக்கொண்டிருந்த யாஹூவின் தலைமைக்கு வந்த கரோல் பார்ட்ஸை 2011இல் தொலைபேசியிலேயே நீக்கினார்கள்.

ஆணும் பெண்ணும் தலைமை தாங்கும் விதத்தில் பெரிய வித்தியாசம் உண்டா? அமெரிக்க உளவியலாளர் ஆலிஸ் ஈக்ளி போன்றோர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பெண்கள் மற்றவர்களைக் கலந்து முடிவெடுப்பது கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். நாற்காலி எப்போது கிடைக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்காமல் இருவரையும் ஒப்பிடுவது வீண் வேலை.

தமிழில் எப்படிச் சொல்வது? பாடநூல்களில் ‘கிளிஃப்’ என்பதற்கு ‘ஓங்கல்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆனால் ‘ஓங்கு’ என்ற வேர் உயரத்தைத்தான் நினைவுபடுத்தும், கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவரின் சொல் அது. இங்கே பேச்சு மேலே நிற்பவர் விழுவதைப் பற்றி. அதனால் ‘கண்ணாடி விளிம்பு’ என்பதே என் தேர்வு. “நஷ்டத்தில் மூழ்கும் நிறுவனத்தை அவரிடம் ஒப்படைத்துக் கண்ணாடி விளிம்பில் நிறுத்திவிட்டார்கள்” என்று எழுதலாம். தோற்றுப்போன பெண் தலைவர் எல்லாருக்கும் இதை ஒட்டவைக்கக் கூடாது. பதவியேற்கும்போதே நிறுவனம் நெருக்கடியில் இருந்திருக்க வேண்டும்.