சீக்கிரம் வந்தாலும் அபராதம்

திங்கட்கிழமை காலையில் பட்டறை ஷட்டரைத் தூக்கும்போது வாசலில் நிற்கும் காரைப் பார்த்தாலே, ஓட்டியவர் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தார் என்று ஓரளவுக்குச் சொல்லிவிடுவேன். சக்கர வளைவுக்குள் செம்மண் காய்ந்து அப்பியிருக்கும். கதவில் நம்பர் ஸ்டிக்கரைக் கிழித்த பசை பிசுபிசுக்கும். முன் பம்பரின் கிளிப் எங்கேயோ விழுந்திருக்கும், அந்த இடத்தில் கேபிள் டை. ஓட்டியவர் தூக்கமில்லாத கண்ணோடு டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்பார்.

கோவையில் இருபத்திரண்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த ஊருக்குக் கார் பந்தயக் கிறுக்கு பழையது. செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த ரேஸ் டிராக்குக்கு இந்த ஊர்ப் பந்தயக்காரர் கரிவர்தன் பேரைத்தான் வைத்தார்கள். ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் இங்கே வளர்ந்தவர். அவருடைய அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தேசிய ராலி சாம்பியன். ஆனால் என்னிடம் வருகிறவர்கள் அந்த ரகம் கிடையாது. பம்ப் கம்பெனி சூப்பர்வைசர், பல் டாக்டர், ஐடி பையன்கள். வாரம் முழுக்க ஆபீஸுக்கும் மளிகைக் கடைக்கும் போகிற அதே காரில் ஞாயிறு மட்டும் டிஎஸ்டி ராலிக்குப் போவார்கள்.

டிஎஸ்டி என்றால் டைம், ஸ்பீடு, டிஸ்டன்ஸ். வழி சொல்லும் ரோடு புக்கில் ‘இந்த இடம் வரை மணிக்கு 36 கிலோமீட்டர் சராசரி, அப்புறம் 42’ என்று கொடுத்திருப்பார்கள். நடுவில் எங்கேயாவது மார்ஷல் என்கிற ராலி அதிகாரி உட்கார்ந்து நேரம் குறிப்பார். தாமதமானாலும் அபராதம், முந்திப் போனாலும் அபராதம். நிஜமான வேக ராலியிலும், சாலையை மூடி வேகமாக ஓட்டவிடும் ஸ்பெஷல் ஸ்டேஜ் தவிர மற்ற தூரம் எல்லாம் பொதுச் சாலைதான், சிக்னலில் நின்றுதான் போக வேண்டும். அங்கே சர்வதேச விதி இன்னும் வேடிக்கையானது. நேரம் குறிக்கும் டைம் கன்ட்ரோலுக்கு ஒரு நிமிடம் தாமதமாக வந்தால் 10 விநாடி அபராதம். ஒரு நிமிடம் சீக்கிரம் வந்தால் முழுதாக ஒரு நிமிடம்! இதைச் சொன்னால் புதுப் பையன்கள் நம்புவதே இல்லை.

இத்தனை வருடத்தில் என் பட்டறைக்கு நசுங்கி வந்த ராலிக்காரர்களின் கார்களில் ஸ்டேஜுக்குள் நசுங்கியவை கொஞ்சம்தான். வீட்டுக்குத் திரும்பும் வழியில் நசுங்கியவைதான் அதிகம். நேரம் குறிக்க மார்ஷல் இல்லாத இடம் அது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பையன் வந்தான். நீலகிரியில் ராலி முடிந்து குன்னூர் வழியாக இறங்கியிருக்கிறான்.

“அண்ணா, பாதி மலையில பிரேக் பெடல் தரை வரைக்கும் போயிருச்சுங்கண்ணா. ஹேண்ட் பிரேக்க இழுத்து, செகண்டுல போட்டு, மலைப் பக்கமா ஒதுக்கி நிறுத்துனேன். ஒரு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா பெடல் நல்லா இருந்துச்சு. அப்படியே ஓட்டிட்டு வந்துட்டேன்.”

“இப்ப எப்படி இருக்கு தம்பி?”

“இப்ப ஒண்ணுமே இல்லீங்கண்ணா. இருந்தாலும் நீங்க ஒருக்கா பாத்துருங்க.”

பெடலை மிதித்துப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. ஆயில் டப்பா மூடியைத் திறந்தேன். புதிய பிரேக் ஆயில் வெளிர் தேன் நிறத்தில் இருக்கும். இவனுடையது நேற்றைய காபி டிகாஷன். ஈரப்பதம் பார்க்கிற பேனா ஒன்று வைத்திருக்கிறேன், அதை விட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. “எப்ப மாத்துனே?” என்றேன். “இதையெல்லாம் மாத்தணுமாண்ணா?” என்றான். அவனுடைய எஞ்சின் ஆயில் லிட்டர் என்ன விலை என்று அவனுக்குப் பைசா சுத்தமாகத் தெரியும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரக் கணக்கு. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே கணக்கு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 140. இந்தச் சூட்டைத் தாண்டினால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகும். ஆவியை அமுக்கலாம், ஆயிலை அமுக்க முடியாது. நீங்கள் மிதிப்பது பிரேக் பேடுக்குப் போகாமல் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். ஆறியதும் ஆவி மறுபடி நீராகும், பெடல் கல்லாகும். அதனால்தான் கீழே வந்து எந்த மெக்கானிக்கிடம் காட்டினாலும் ‘ஒண்ணுமில்லீங்களே’ என்று அனுப்பிவிடுகிறார்கள். எனக்குப் பயம் தருவது இதுதான். கோளாறு தன் தடயத்தைத் தானே அழித்துவிடுகிறது.

சரி, மலை எவ்வளவு சூடு கொடுக்கும்? குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,500 மீட்டர். ஒருநாள் சும்மா உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த உயரத்திலிருந்து இறங்கும் காரின் சக்தி முழுவதையும் பிரேக்கே தின்றால், 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற காரைச் சுத்தமாக நிறுத்துவதை அறுபது தடவை செய்ததற்குச் சமம். நல்லவேளை, கியரில் இறங்கினால் எஞ்சின் பெரும் பங்கை வாங்கிக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் பாரம் எல்லாம் பிரேக் தலையில். ஏறும்போது எந்த கியரோ அதே கியரில் இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது இதற்குத்தான்.

பையன் நியூட்ரலில் வரவில்லை. அவன் செய்தது ராலிக்காரர்களுக்கே உரிய தப்பு. வீடியோ பார்த்து இடது காலால் பிரேக் போடப் பழகியிருக்கிறான். ஸ்டேஜில் அது நல்ல வித்தை, காரின் மூக்கை வளைவுக்குள் இழுக்கும். ஆனால் மலை இறங்கும்போதும் அந்த இடது கால் பெடல் மேலேயே லேசாக உட்கார்ந்திருக்கிறது. அவனுக்கே தெரியாது. பேடைக் கழற்றினால் ஓரங்கள் வெந்து சாம்பல் நிறமாகிப் பொடிப்பொடியாக உதிர்ந்தன.

அவனைக் காப்பாற்றியது ஹேண்ட் பிரேக். பெரும்பாலான சின்னக் கார்களில் அது கேபிளில் இழுக்கிற சமாச்சாரம், ஆயிலோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. அவன் ஒரேயடியாக இழுக்காமல், பட்டனை அமுக்கிப் பிடித்தபடி விட்டு விட்டு இழுத்திருக்கிறான். வெடுக்கென்று இழுத்திருந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு கார் சுற்றியிருக்கும். இதையும் ராலியில்தான் கற்றிருக்கிறான் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, மலை ஓட்டம் அதிகமென்றால் வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். ஒரு குடும்பம் ஹோட்டலில் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுகிற செலவுதான். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ரேஸ் ஆயில் என்று 300 டிகிரிக்கு மேல் தாங்குவதை வாங்கி ஊற்றிவிட்டு மூன்று வருடம் மறந்துவிடுவார்கள். அது அடிக்கடி மாற்றுவதற்கென்றே செய்யப்பட்ட சரக்கு. ரேஸ் பேடும் அப்படித்தான், சூடேறினால்தான் பிடிக்கும். மழைக்காலக் காலையில் அவிநாசி ரோட்டில் முதல் சிக்னலில் முன்னால் பஸ் நிற்கும்போது அது இன்னும் தூக்கத்தில் இருக்கும்.

டயர் விஷயத்தில் திரும்பத் திரும்பப் பார்ப்பது, இறக்கிய காற்றை ஏற்றாமல் வருவது. சேற்றுக்கும் மணலுக்கும் பிடிப்பு வேண்டுமென்று 22 பிஎஸ்ஐ-க்கு இறக்கியிருப்பார்கள். ராலி முடிந்து பரிசு, போட்டோ, பிரியாணி எல்லாம் ஆகி, அப்படியே ஹைவேயில் ஏறிவிடுவார்கள். காற்றில்லாத டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிப் பக்கச் சுவர் சூடாகி, ஓர் இடத்தில் வெடிக்கும். வெடித்த டயரைக் கொண்டுவந்து ‘மட்டமான கம்பெனிங்கண்ணா’ என்பார்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. ராலிக்கு முன்னால் காரைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் சீட் பெல்ட் தேதி தாண்டியிருந்தால் காரை உள்ளேயே விடமாட்டார்கள், இவர்களும் ஒழுங்காக மாற்றிக்கொள்வார்கள். அதே ஆள் தன் காரில் பத்து வருட ஸ்டெப்னியை வைத்துக்கொண்டு மனைவி மக்களோடு திருச்செந்தூர் போவார்.

சக்கர நட்டு பற்றி ஒரு வார்த்தை. ராலி நடுவில் காரைப் பழுது பார்க்கும் சர்வீஸ் பார்க்கில் அவசரமாகச் சக்கரம் மாற்றினால், 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச் போட்டுப் பார்க்க வேண்டும். நட்டிலிருந்து ரிம் வரைக்கும் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டால் இன்னும் சுலபம். கோடு விலகினால் நட்டு நகர்ந்திருக்கிறது. ஐம்பது ரூபாய்ப் பேனா.

அப்புறம் இந்த அலங்காரங்கள். காருக்குள் இரும்புக் குழாய்க் கூடு, அதாவது ரோல் கேஜ், போட்டுத் தரச் சொல்லி மாதம் ஒருவராவது வருகிறார். ஆபீஸ் போகிற காருக்கு என்றால் போட்டுத் தருவதில்லை. ஹெல்மெட் போட்டு, ஆறு முனை பெல்ட்டில் கட்டி உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த இரும்புக் குழாய் உயிர்க்காப்பு. வெறும் தலையோடு சாதா பெல்ட்டில் இருப்பவனுக்கு, மண்டைக்கு ஒரு சாண் தூரத்தில் இரும்பு உலக்கை கட்டித் தொங்கவிட்ட மாதிரி. பின்சீட்டில் குழந்தை வேறு உட்காரும். பதிவு செய்தபடி இல்லாமல் காரை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவில் மாட்டும் என்பது தனிக் கதை. முன் பம்பருக்கு மேல் கட்டுகிற இரும்புச் சட்டமான புல் பாரும் இதே கதைதான். 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் இதன் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. முன்பக்கம் நசுங்கி அடியைத் தானே வாங்கிக்கொள்ளும்படிதான் காரைச் செய்கிறார்கள். அதற்கு முன்னால் ஓர் இரும்பு உத்தரத்தைக் கட்டினால் அடி சேஸிக்குப் போகும், ஏர்பேக் சென்சாரும் குழம்பும். ரோட்டில் நடக்கிறவர் மேல் பட்டால் கேட்கவே வேண்டாம். கட்டியவரைக் கேட்டால் ‘லுக்குக்காகங்க’ என்பார்.

2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். இதில் ராலிக்காரர்கள் எத்தனை பேர் என்று யாரும் பிரித்து எழுதுவதில்லை. என் கணக்கில் இருப்பது ஒருவர்தான். பொங்கல் விடுமுறையில் நடந்த ராத்திரி ராலி. விடிய விடிய ஓட்டி, மூன்றாம் பரிசு வாங்கி, ‘ரெண்டு மணி நேரத்துல வீட்டுக்குப் போயிரலாம்’ என்று கிளம்பியவர். அவருக்கு வண்டியில் ஒரு குறையும் இல்லை, நான்தான் சர்வீஸ் செய்து கொடுத்தேன். 80-ல் போகிற கார் விநாடிக்கு 22 மீட்டர் நகரும். மூன்று விநாடி கண்ணயர்ந்தால் 66 மீட்டர். வழி சொல்லும் நேவிகேட்டர் பக்கத்தில் ரோடு புக்கை மடியில் வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பிழைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ராத்திரி ராலிக்கு வண்டி தயார் செய்யக் கொடுப்பவர்களிடம் எங்கே ரூம் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்பேன். ரூம் போடவில்லை என்றால் வண்டியை வேறு பட்டறையில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். போகட்டும்.

ராலியில் கவிழ்ந்தால் முதலில் செய்ய வேண்டியது இரண்டு. முக்கோணப் பலகையைக் காருக்குக் குறைந்தது 50 மீட்டர் பின்னால், வருகிறவர்களுக்குத் தெரியும்படி வைப்பது. அப்புறம், அடி இல்லையென்றால் ‘ஓகே’ அட்டையைப் பின்னால் வரும் காருக்குக் காட்டுவது. அட்டை தெரியவில்லை என்றால் பின்னால் வருகிறவன் தன் நேரத்தை விட்டுவிட்டு நின்றே ஆக வேண்டும். பந்தயத்தின் நடுவிலும் நிற்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். சாலையில் அடிபட்டவரைத் தூக்கினால் கோர்ட் கேஸ் என்று அலையவேண்டியிருக்கும் என்ற பயம் இன்னும் பலருக்குப் போகவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 134ஏ பிரிவு உதவி செய்கிறவரைக் காப்பாற்றுகிறது. பேர், விலாசம் கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூட முடியாது.

அந்தப் பிரேக் பையன் போன மாதம் வந்தான். கல்யாணமாகி, காரும் மாறியிருந்தது. டிக்கியைத் திறந்து முக்கோணத்தை எடுக்கச் சொன்னேன். ஒரு சூட்கேஸ், குழந்தைத் தொட்டில், இரண்டு தேங்காய் மூட்டை, எல்லாவற்றையும் இறக்கிக் கீழ்த்தட்டைத் தூக்கி எடுக்க நாலு நிமிடம் ஆனது. “இருட்டுல, மழையில எவ்வளவு ஆகும்?” என்றேன். பதில் சொல்லாமல் முக்கோணத்தை எடுத்து டிரைவர் சீட்டுக்கு அடியில் சொருகினான். “அங்க வேண்டாம், பெடலுக்கு உருண்டு வந்துரும்” என்றேன். கடைசியில் இரண்டு பேருமாகச் சேர்ந்து பின்கதவின் உள்பக்கம் வெல்க்ரோ ஒட்டி மாட்டினோம்.