சாயா குடித்து முடித்தபோது பிரேக் எங்கே போயிற்று?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருந்தார். மே மாத விடுமுறை, பிள்ளைகள் நச்சரித்ததால் ஒரு நாள் கேரளத்து மலையான பொன்முடிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். கணவர், இவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். பொதிச்சோறும் நேந்திரங்காய் சிப்ஸும் கட்டிக்கொண்டு, விடியற்காலையிலேயே களியக்காவிளை தாண்டி, நெடுமங்காடு, விதுரா வழியாகப் பயணம். கல்லாறுக்கு மேல் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. மேலே மூடுபனி, நல்ல காற்று, பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம்.

சாயங்காலம் இறங்கும்போது பாதி வழியில் வண்டியை ஓரம் கட்டி, பிளாஸ்கில் மிச்சமிருந்த சாயாவைக் குடித்திருக்கிறார்கள். பத்து நிமிடம் இருக்கும். மறுபடி கிளம்பி, அடுத்த வளைவில் கணவர் பிரேக்கை மிதித்தார். பெடல் பஞ்சு மூட்டைக்குள் கால் வைத்ததுபோல அடிவரை போய்விட்டது. வண்டி நிற்கவில்லை. நல்லவேளை, இப்போதுதான் கிளம்பியதால் வேகம் இல்லை. அவர் முதல் கியருக்கு மாற்றி, கைப்பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்திவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவரைக் கடிதம் எழுத வைத்திருக்கிறது. முக்கால் மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால், பிரேக் பழையபடி கல்லாக நிற்கிறது! மறுநாள் மெக்கானிக் நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிட்டு, “லீக் இல்ல, பேடும் தேயல, வண்டியில ஒரு குறையும் இல்ல அக்கா” என்று சொல்லிவிட்டார். மாமியார், “அந்த வளைவுல என்னமோ நிக்குது மக்களே, ஒரு எலுமிச்சம்பழம் வெட்டிப் போட்டுட்டு வந்திருக்கணும்” என்கிறார். வாசகியின் கேள்வி இதுதான்: போன பிரேக் தானாகத் திரும்பி வருமா?

வரும். அது வந்த வழியை நினைக்க நினைக்க எனக்கு வியப்புத் தீரவில்லை.

முதலில் வெப்பக் கணக்கு. அதை வேகமாகப் பார்த்துவிடலாம். ஆளும் மூட்டையுமாக அந்த வண்டி 1500 கிலோ என்று வையுங்கள். ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து கீழே வருகிறது. பள்ளியில் படித்த நிலை ஆற்றல் வாய்பாட்டில் போட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஜூல். மின்சார வாரியத்துக் கணக்கில் நான்கு யூனிட். வீட்டுக் கணக்கில் சொன்னால், ஐம்பது லிட்டர் அண்டாவில் பச்சைத்தண்ணீரை நிரப்பிக் கொதிக்க வைக்கிற அளவு சூடு. மலை ஏறும்போது பெட்ரோலை எரித்துச் சேர்த்துவைத்த ஆற்றல் இது. இறங்கும்போது இதை எங்கேயாவது கழித்தாக வேண்டும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ஓட்டுநர் காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால், மீதி முழுவதும் நான்கு சக்கரத்திலும் உள்ள டிஸ்க், டிரம் என்ற இரும்புத் துண்டுகளுக்குள் இறங்கும். அவை சில நூறு டிகிரி வரை சூடேறும். மலைப்பாதையில் கருகல் வாடை வருவது இதனால்தான்.

சரி, இரும்பு சுடட்டும். பெடல் ஏன் பஞ்சாயிற்று?

கால் மிதிப்பது பெடலை, பிடிப்பது சக்கரத்தை. நடுவில் இருப்பது மெல்லிய குழாய்களில் நிறைந்த ஒரு திரவம். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் பாஸ்கல் சொன்ன விதியை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம்: அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் போய்ச் சேரும். இது பிரேக்கில் நடக்க ஒரு காரணம் உண்டு. திரவத்தை அமுக்கிச் சுருக்குவது மிகக் கடினம். கால் தள்ளியதை அது அப்படியே சக்கரத்திடம் கொடுத்துவிடும். வாயு அப்படி இல்லை, அமுக்கினால் சுருங்கும். குழாய்க்குள் வாயுக் குமிழி இருந்தால், கால் தள்ளுவதெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். சக்கரத்துக்கு ஒன்றும் மிஞ்சாது.

அப்படியானால் அந்தப் பத்து நிமிடத்தில் குழாய்க்குள் குமிழி எங்கிருந்து வந்தது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நாம் ‘பிரேக் ஆயில்’ என்கிறோம். பெரும்பாலான கார்களில் அது எண்ணெயே இல்லை. கிளைக்கால் ஈதர் வகையைச் சேர்ந்த திரவம். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது, இதுவோ தண்ணீரைக் கண்டால் விடாது. ஆனி ஆடி மாதத்தில் நம் வீட்டு உப்பு ஜாடியை மூடியே வைத்திருந்தாலும் உப்பு நீர்த்துப்போய் நிற்கிறதல்லவா? அதுபோலத்தான் இதுவும், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சக்கரத்துக்குப் போகும் ரப்பர் குழாயின் சுவர் வழியாகக்கூட ஈரம் உள்ளே கசியும். வண்டி ஓடினாலும் ஈரம் ஏறும், ஷெட்டில் நின்றாலும் ஏறும்.

‘இது என்ன குறையான திரவம்’ என்று தோன்றலாம். வேண்டுமென்றேதான் இப்படி வைத்திருக்கிறார்கள். தண்ணீரோடு கலக்காத திரவமாக இருந்தால், உள்ளே வரும் ஈரம் துளித்துளியாகச் சேர்ந்து குழாயின் அடிப்பகுதியில் தேங்கும். அடிப்பகுதி என்றால் சக்கரத்தின் அருகே, அதாவது இருப்பதிலேயே சூடான இடம். அங்கே தனித் தண்ணீர் நின்றால் 100 டிகிரியை ஒட்டியே கொதிக்கும், இரும்பையும் துருப்பிடிக்க வைக்கும். ஈரத்தைத் தனக்குள் கரைத்துப் பரப்பிவிடும் திரவம், அந்த ஆபத்தைத் தள்ளிப்போடுகிறது. தள்ளிப்போடுகிறதே தவிர, அடியோடு ஒழிப்பதில்லை. ‘டாட் 3’ என்ற வகை, புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரையாவது கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது விதி. அதில் நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்த நிலையில் 140 டிகிரி தாங்கினால் போதும். ‘டாட் 4’ வகைக்கு இந்த எண்கள் 230, 155. பாருங்கள், நூற்றில் நான்கு பங்குகூட இல்லாத தண்ணீர் கொதிநிலையை 65, 75 டிகிரி கீழே இழுத்துவிடுகிறது!

இப்போது சாயா குடித்த இடத்துக்கு வருவோம்.

வண்டி ஓடிக்கொண்டிருந்தவரை இரண்டு காவல்கள் இருந்தன. ஒன்று, எதிர்க்காற்று டிஸ்க்கின்மேல் வீசிக்கொண்டே இருந்தது. இரண்டாவது அழுத்தம். குக்கருக்குள் தண்ணீர் 120 டிகிரி வரை போகிறது, அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடுகிறது. பிரேக்கை மிதித்திருக்கும்போது குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் குக்கரைப் போலப் பல மடங்கு. அந்த நேரத்தில் திரவம் எளிதில் கொதிக்காது. வண்டியை ஓரம் கட்டினார்கள், காற்று நின்றது. கைப்பிரேக்கைப் போட்டுவிட்டுக் காலை எடுத்தார், அழுத்தமும் போயிற்று. இரண்டு காவலும் ஒரே நேரத்தில் விலகிவிட்டன. டிஸ்க்கில் தேங்கியிருந்த சூடு, அதை இறுக்கிப் பிடிக்கும் பேடுக்குள், பேடிலிருந்து அதைத் தள்ளும் பிஸ்டனுக்குள், பிஸ்டனிலிருந்து அதன் முதுகில் நிற்கும் திரவத்துக்குள் மெதுவாக இறங்கியது. இவர்கள் சாயாவை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தபோது, சக்கரத்துக்குள் திரவம் சத்தமில்லாமல் கொதித்திருக்கிறது.

ஒரு மில்லிலிட்டர் தண்ணீர், சாதாரண அழுத்தத்தில் ஆவியானால் 1600 மில்லிலிட்டருக்கு மேல் இடம் கேட்கும். ஆகவே ஒரு துளியின் சிறு பங்கு ஆவியானாலே போதும். உண்டான ஆவி, முன்னால் இருந்த திரவத்தைத் தள்ளிக்கொண்டு பின்னால் போகும். பெடலை விட்டிருக்கும்போது குழாய்க்கும் பானெட்டுக்கு அடியில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்கும் வழி திறந்திருக்கும். திரவம் அந்த டப்பாவுக்கு ஏறிவிடும். அப்புறம் பெடலை மிதித்தால் வழி மூடிக்கொள்ளும். கால் தள்ளுவது திரவத்தையல்ல, ஆவியை. ஆவி நசுங்கிக்கொடுக்கும், பெடல் அடிவரை போகும்.

முக்கால் மணி நேரத்தில் சூடு தணிகிறது. ஆவி மறுபடி திரவமாகிறது. காலியான இடத்தை நிரப்ப, டப்பாவுக்குப் போன திரவம் இறங்கி வருகிறது. குமிழி இருந்த சுவடே இல்லை. லீக் கிடையாது, தேய்மானம் கிடையாது, உடைந்த பாகம் ஒன்றுமே கிடையாது. மெக்கானிக் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த நேரத்தில் வண்டி உண்மையிலேயே சரியாகத்தான் இருந்தது. தடயத்தைத் தானே துடைத்துவிட்டுப் போகும் கோளாறு இது.

வளைவுகளில் ‘என்னமோ நிற்கிறது’ என்ற பேச்சு எங்கிருந்து பிறக்கிறது என்று எனக்கு இப்போது புரிகிறது. நீண்ட இறக்கத்தின் கீழ்ப்பாதியில்தான் சூடு உச்சத்தில் இருக்கும். ஆகவே அங்கேதான் பல வண்டிகளுக்கு ஒரேமாதிரி நடக்கும். தப்பித்தவர் கதை சொல்வார், மெக்கானிக் குறை இல்லை என்பார். கேட்கிறவர் வேறு என்ன நினைப்பார்? ஆரல்வாய்மொழி தாண்டினால் முப்பந்தல் இசக்கி அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவது நம் ஊர் வழக்கம். நானும் கும்பிடுகிறவன்தான். ஆனால் அந்த வாசகியின் குடும்பம் எலுமிச்சம்பழத்தோடு திருப்திப்பட்டிருந்தால், அதே திரவத்தோடு அடுத்த கோடையில் கொடைக்கானலுக்குக் கிளம்பியிருக்கும். அது பொன்முடியைப்போல இரண்டு மடங்கு உயரம். விளக்கம் கிடைத்துவிட்டதாக நினைத்துத் தேடுவதை நிறுத்துவதுதான் என்னைப் பயப்படுத்துகிறது.

தக்கலையில் எனக்குத் தெரிந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் போய் இதைக் கண்ணால் பார்த்தேன். பேனா போன்ற ஒரு கருவி, நுனியில் இரண்டு சிறு கம்பி. புதுப் பாட்டிலில் தொட்டால் பச்சை விளக்கு. திரவத்தில் தண்ணீர் சேரச் சேர மின்சாரம் கடத்துவது மாறும், கருவி அதை வைத்து ஈரத்தைக் காட்டுகிறது. ஐந்து வருடம் மாற்றாத ஒரு வண்டியின் டப்பாவில் தொட்டதும் சிவப்பு. புதியது வெளுத்த தேன் நிறம், பழையது கட்டன் சாயா நிறம். நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது. ஈரத்துக்கு நிறம் இல்லை, தெளிவாகத் தெரியும் திரவத்திலும் தண்ணீர் இருக்கலாம். இந்தப் பேனாவை ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பிலும் வாங்கி வைக்க வேண்டும், வண்டிக்கு எஃப்.சி. பார்க்கும்போதும் இந்த ஈரத்தை அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு ஆசையும் உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம் நம் கன்னியாகுமரி. குளச்சலில் கடலோரம் நிற்கும் வண்டி, குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்து ஈரத்தில் நிற்கும் வண்டி, ஆரல்வாய்மொழியின் வறண்ட காற்றில் நிற்கும் வண்டி, மூன்றிலும் ஒரு வருடத்தில் எவ்வளவு தண்ணீர் ஏறுகிறது? நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டில் விலைக்கு வாங்கிய மாடலைக் காட்டி மதிப்பெண் பெறுவதற்குப் பதில் இதை அளக்கலாம். பெரிய ஆய்வகம் வேண்டாம். ஒரு பேனா, ஒரு நோட்டு, பெட்ரோல் செலவுக்குச் சிறு நிதி போதும். ஆராய்ச்சிக்குப் பணம் என்றால் ராக்கெட்டுக்கு மட்டும்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இனி மலைக்குப் போகிறவர்களுக்கு. பேருந்து ஓட்டுநர்கள் சொல்லும் பழைய பாடம், “ஏறின கியர்லேயே இறங்கணும்.” சின்ன கியரில் விட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம் என்ஜினைச் சுற்றவைக்கும். அதைச் சுற்றவைப்பதிலேயே வண்டியின் வேகம் கரையும். இந்தச் சூடு ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடும், டிஸ்க்குக்கு வராது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது தவறு. இன்றைய கார்களில் கியரில் இறங்கும்போது பெட்ரோல் முழுதாக நின்றுவிடும், நியூட்ரலில்தான் என்ஜின் அணையாமலிருக்கக் குடிக்கும். பிரேக்கை உரசிக்கொண்டே வராமல், தேவையான இடத்தில் அழுத்திப் பிடித்து விடுங்கள். கருகல் வாடை வந்தால், சமதளமாகப் பார்த்து நிறுத்தி முழு அரைமணி நேரமாவது விடுங்கள். ஐந்து பத்து நிமிடம்தான் இருப்பதிலேயே மோசமான இடைவெளி. கிளம்பும் முன் நின்ற இடத்திலேயே பெடலை மிதித்துப் பாருங்கள். சுடும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடித்தோ வளைந்தோ போகும். பெடல் உள்ளே போய்விட்டால் வேகவேகமாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பலாம். கம்பியால் இழுக்கும் கைப்பிரேக்குக்குத் திரவம் தேவையில்லை, அந்தக் கணவரைக் காப்பாற்றியது அதுவும் முதல் கியரும்தான்.

வாசகிக்கு இதையெல்லாம் எழுதி, கடைசியாக பிரேக் ஆயில் மாற்றியது எப்போது என்று கேட்டிருந்தேன். ஏழு வருடத்துக்கு முன் வண்டி வாங்கியதிலிருந்து மாற்றவே இல்லையாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதே பொதுவான வழக்கம். அந்த மெக்கானிக்கிடமே போயிருக்கிறார். ஒவ்வொரு சக்கரமாகத் திருகைத் தளர்த்தி, ஒருவர் மிதிக்க மற்றவர் பாட்டிலில் பிடிக்க, முதலில் கறுப்பாக வந்தது மெல்ல வெளுத்துத் தேன் நிறமாகும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தாராம். மாமியாரும் கூட நின்றாராம்.