பட்டன் அங்கேதான் இருக்கிறது, நிறம்தான் இல்லை

போன மாதம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி காலையிலிருந்து ஒரே திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "அண்ணா, பட்டன் தெரியவே மாட்டேங்குது. ஆனா அந்த இடத்தைத் தொட்டா அடுத்த பக்கம் போகுது."

மொபைல் ஆப் எழுத உதவும் ஃப்ளட்டரில் எழுதிய ஆப். டிசைனர் கொடுத்த நிறம் #336699, அழுத்தமான நீலம். தம்பி அதை 0எக்ஸ்336699 என்று எழுதியிருந்தார் (0எக்ஸ் என்றால் பின்னால் வருவது ஹெக்ஸ், அதாவது 16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்). ஃப்ளட்டர் அந்த 32 பிட் எண்ணின் முதல் 8 பிட்டை ஆல்ஃபா, அதாவது நிறத்தின் அடர்த்தி, என்று படிக்கும். அதற்குப் பிறகுதான் சிவப்பு, பச்சை, நீலம். ஆல்ஃபாவை எழுதாவிட்டால் அது 0, அதாவது முழுக்க ஊடுருவித் தெரியும். பட்டனின் எழுத்து வெள்ளை, பின்னால் இருந்த திரையும் வெள்ளை. 0எக்ஸுக்கு அடுத்து எஃப்எஃப் சேர்த்ததும் நீலம் வந்தது. ஆண்ட்ராய்டு திரைகளை எழுதும் ஜெட்பேக் கம்போஸிலும் இதே பிழை நடக்கும். கம்பைலர் எதுவும் சொல்லாது, ஏனென்றால் எண் சரியான எண்தான். அதனால்தான் இதில் இவ்வளவு நேரம் போகிறது.

வரிசையும் இடத்துக்கு இடம் மாறும். #80336699 என்பது ஆண்ட்ராய்டு எக்ஸ்எம்எல்லில் பாதி தெளிவான நீலம். அதையே ரியாக்ட் நேட்டிவ் என்ற இன்னொரு ஆப் கருவியில் ஒட்டினால் ஆல்ஃபா கடைசியில் இருப்பதாக எடுத்துக்கொண்டு, 60 சதவீத அடர்த்தியில் ஊதா கலந்த கருஞ்சிவப்பைக் காட்டும். வலைத்தளத்திலிருந்து நிறத்தை காப்பி செய்பவர்கள் இதில் அடிக்கடி மாட்டுகிறார்கள்.

ஐஓஎஸ்ஸில் நிறத்தைக் குறிக்கும் யூஐகலர் கேட்பது 0 முதல் 1 வரையான எண். 255 வரையான சாதாரண எண்ணில் நம் நீலம் 51, 102, 153; அங்கே 0.2, 0.4, 0.6. வகுக்காமல் 51, 102, 153 என்றே கொடுத்தால் வெள்ளைதான் வரும். பழைய அப்ஜெக்டிவ்-சி கோடில் 51/255 என்று எழுதினால் முழு எண் வகுத்தல் நடந்து 0 ஆகிவிடும். மூன்றிலும் அப்படியே எழுதினால் கறுப்பு. 255.0 என்று எழுத வேண்டும்.

எனக்கு அதிகம் கவலை தருவது சதவீதம். "50 சதவீதம்" என்று டிசைனர் சொன்னதும் ஆல்ஃபாவில் 50 என்று எழுதிவிடுகிறோம். ஹெக்ஸில் 50 என்றால் சாதாரண எண்ணில் 80. 255-இல் அது சுமார் 31 சதவீதம்தான். பாதிக்கு ஹெக்ஸில் 80 என்று எழுத வேண்டும். பட்டன் காணாமல் போனால் யாராவது புகார் செய்வார்கள். வெளிறிப்போன எழுத்தைப் படிக்கத் திணறும் வயதானவர் தன் கண்ணைத்தான் குறை சொல்வார். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் வேண்டும் என்கிறது எல்லோரும் பயன்படுத்தக்கூடிய வலைப்பக்கங்களுக்கான வழிகாட்டுதலான டபிள்யூசிஏஜி.

தம்பி அன்று மாலையே ஆப்பின் எல்லா நிறங்களையும் ஒரே ஃபைலுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆல்ஃபா எத்தனை சதவீதம் என்று கமென்ட் எழுதி வைத்தார். அதை எழுதும்போதே இன்னும் இரண்டு தவறுகள் அவர் கண்ணில் பட்டன.