வீட்டு வைஃபையில் இருந்தபடியே விபிஎன்னைச் சோதிக்கலாமா?

வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்கைப் பாதுகாப்பாக அணுக உதவும் விபிஎன் சர்வரை வீட்டில் அமைத்து முடித்த கையோடு, அதே வைஃபையில் இருக்கும் மொபைலிலிருந்து இணைத்துப் பார்ப்பதுதான் வழக்கம். அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். சரியாக அமைத்த சர்வர் இணைய மறுக்கலாம். தவறாக அமைத்தது நன்றாக ஓடுவதுபோலத் தெரியலாம்.

இணைய மறுப்பது ஏன்? மொபைல் 192.168.1.20, சர்வர் 192.168.1.5, ரவுட்டரின் வெளி முகவரி 203.0.113.7 என்று வைத்துக்கொள்வோம். மொபைல் வெளி முகவரிக்குப் பாக்கெட் அனுப்புகிறது. ரவுட்டர் அதைப் போர்ட் ஃபார்வர்டிங் (வெளி முகவரிக்கு வருவதை உள்ளே குறிப்பிட்ட கருவிக்கு அனுப்பும்) விதிப்படி சர்வரின் முகவரிக்கு மாற்றி, வந்த வழியே உள்ளே திருப்பிவிட வேண்டும். இதுதான் ஹேர்பின் நேட். பல ரவுட்டர்களில் இது கிடையாது. பாக்கெட் அங்கேயே விழுந்துவிடும். சிலவற்றில் பாதி வேலைதான் நடக்கும்: பெறுநர் முகவரி மாறும், அனுப்புநர் முகவரி மாறாது. சர்வருக்கோ கேட்டவர் ஒரே நெட்வொர்க்கில் இருப்பவர், ஆகவே ரவுட்டர் பக்கம் போகாமல் நேரே பதில் அனுப்பிவிடும். 203.0.113.7-இன் பதிலுக்காகக் காத்திருக்கும் மொபைலுக்கு 192.168.1.5-இலிருந்து பதில் வருகிறது. ஓபன்விபிஎன் என்ற விபிஎன் மென்பொருள் அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு, வந்த முகவரியையும் எதிர்பார்த்த முகவரியையும் லாக்கில் எழுதிவைக்கும். வயர்கார்ட் என்ற மற்றொரு விபிஎன் மென்பொருள் முகவரியைவிடக் குறியாக்கச் சாவியையே நம்புவதால் இதே நிலையில் இணைந்துவிடக்கூடும்.

பொய்யான வெற்றிதான் அதிக ஆபத்து. விபிஎன் 'இணைந்தது' என்கிறது, 192.168.1.10-இல் உள்ள கோப்புச் சர்வரும் திறக்கிறது. ஆனால் மொபைல் ஏற்கெனவே 192.168.1.0/24-க்குள் (192.168.1 என்று தொடங்கும் முகவரிகளின் நெட்வொர்க்) இருக்கிறது. எல்லாப் போக்குவரத்தையும் சுரங்கத்துக்குள் (விபிஎன் இணைப்புக்குள்) அனுப்பும் 0.0.0.0/0 வழியைவிட இந்த /24 குறிப்பானது. பொதுவாகக் குறிப்பான வழியே வெல்லும். கோப்பு வைஃபை வழியாகவே வந்திருக்கிறது, சுரங்கம் சோதிக்கப்படவே இல்லை. வெளியூரில் தங்கும் இடத்தின் வைஃபையும் 192.168.1.0/24 என்றால் இதே வழித்தகராறு அங்கேயும் கிளம்பும். வீட்டு நெட்வொர்க்கை 10.73.41.0/24 போல அரிதான ஒன்றுக்கு மாற்றிவிடுவதே நிரந்தரத் தீர்வு.

ஆகவே வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். அப்போது சர்வரில் டிசிபிடம்ப் (வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓடட்டும். வயர்கார்ட் என்றால் யுடிபி 51820, ஓபன்விபிஎன் என்றால் 1194 (இரண்டும் வழக்கமான போர்ட்கள்). பாக்கெட் வந்து பதில் போகவில்லையா? சாவியையோ சர்வரின் ஃபயர்வாலையோ பாருங்கள். சாவி தவறானால் வயர்கார்ட் ஒரு எழுத்துகூடப் பதில் தராது. அதனால் போர்ட் ஸ்கேனர் காட்டும் மௌனத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பாக்கெட்டே வரவில்லை என்றால் போர்ட் ஃபார்வர்டிங்கைச் சரிபாருங்கள். ரவுட்டரின் வான் (WAN, இணையப் பக்க) முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் நீங்கள் சேவை நிறுவனத்தின் நேட்டுக்கு (பலர் ஒரே வெளி முகவரியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருக்கிறீர்கள். உங்கள் ரவுட்டரில் எந்த விதி எழுதினாலும் வெளியிலிருந்து பாக்கெட் வந்து சேராது.

ஹேண்ட்ஷேக் (இரு முனைகளின் தொடக்க அறிமுகம்) நடக்கிறது, பிங் போகிறது, வலைப்பக்கம் மட்டும் பாதியில் தொங்குகிறதா? எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) சிக்கல். வயர்கார்ட் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஐபிவி4-இல் 60 பைட், ஐபிவி6-இல் 80 பைட் சேர்க்கிறது. பிபிபிஓஇ (சில பிராட்பேண்ட் நிறுவனங்கள் பயன்படுத்தும் முறை) இணைப்பில் 1492 பைட்தான் இடம் என்பதால், ஐபிவி6 வழியே போனால் 1412-தான் மிஞ்சும். வயர்கார்டின் வழக்கமான எம்டியு 1420 அதில் அடங்காது. முதலில் எம்டியுவை 1280 வைத்துப் பாருங்கள். பக்கம் திறந்துவிட்டால் கோளாறு இதுதான். பிறகு மெல்ல உயர்த்திக்கொள்ளலாம்.