ஆல்பம்: வெள்ளைப் பலகை முதல் இசைத்தொகை வரை

ஸ்பைஸ் கேர்ள்ஸ் என்ற பிரிட்டிஷ் பெண்கள் குழுவின் இரண்டாவது ஆல்பம் ‘ஸ்பைஸ்வேர்ல்ட்’ 1997 நவம்பரில் வெளிவந்தது. இந்தச் செய்தியைத் தமிழில் எழுதுகிறவர் இடறும் இடம் ‘ஆல்பம்’. பெரும்பாலோர் ‘தொகுப்பு’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அங்கேதான் வம்பு தொடங்குகிறது. தொகுப்பு என்றால் முன்பே இருப்பவற்றைத் திரட்டி ஓரிடத்தில் வைத்தது என்று நம் காது கேட்கிறது. ஸ்பைஸ்வேர்ல்டின் பத்துப் பாடல்களோ பழைய ஆல்பம் எதிலும் இல்லாதவை. அதே குழு 2007இல் தன் பழைய வெற்றிப் பாடல்களைத் திரட்டி ஒரு வட்டு வெளியிட்டது. அது உண்மையான தொகுப்பு. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், எது புதுச் சரக்கு, எது பழையதைத் திரட்டியது என்று வாசகருக்குத் தெரியாமலே போகும்.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் இசைக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. லத்தீனில் ‘ஆல்பஸ்’ என்றால் வெண்மை. முட்டை வெண்கருவில் உள்ள ஆல்புமின் புரதமும், நிறமி இல்லாமல் பிறக்கும் உயிர்களைக் குறிக்கும் ஆல்பினோவும் இந்த வேரில் முளைத்தவை. ரோமாபுரியில் ‘ஆல்பம்’ என்பது வெள்ளை பூசிய பலகை. நீதி நிர்வாகம் பார்த்த பிரீட்டர் என்ற அதிகாரி, தன் ஆண்டுக்கால அறிவிப்புகளை அதில் எழுதி ஊரார் பார்க்கும்படி வைப்பார். செனட் உறுப்பினர் பட்டியலுக்கும் ஆல்பம் என்றே பெயர். பலகையில் எழுதியதை யாராவது வேண்டுமென்றே அழித்தாலோ திருத்தினாலோ தண்டம் கட்ட வேண்டும். அதற்கென்றே சட்டத்தில் தனி வழக்கு வகை இருந்தது.

பலகை ஏடாக மாறியது 16ஆம் நூற்றாண்டில். ஜெர்மனியின் விட்டன்பெர்க் பல்கலைக்கழக மாணவர்கள் வெற்றுத் தாள்களைக் கட்டி வைத்துக்கொண்டு, ஆசிரியர்களிடமும் நண்பர்களிடமும் கையெழுத்தும் ஓரிரு வரிகளும் வாங்கினார்கள். அதற்கு ‘ஆல்பம் அமிகோரம்’, அதாவது நண்பர் ஏடு, என்று பெயர். வெண்மை இன்னும் போகவில்லை: எழுதப்படாத வெள்ளைத் தாள் இருந்தால்தானே பிறர் எழுத முடியும்? அன்று முதல் ஆல்பம் என்றால் ‘பலவற்றை இட்டு நிரப்ப வைத்திருக்கும் வெற்று ஏடு’ என்ற பொருள் நிலைத்தது. தபால்தலை ஆல்பமும் புகைப்பட ஆல்பமும் இந்த வழியில் வந்தவை. 1850இல் பிரான்சில் அறிமுகமான ஒரு முறையில், புகைப்படத் தாளின் மேல் வெண்கருவைப் பூசித்தான் படத்தை அச்சிட்டார்கள். வெண்கருப் படங்களை வெள்ளை ஏட்டில் ஒட்டியவர்களுக்கு, இரண்டும் ஒரே வேர்ச்சொல்லின் பிள்ளைகள் என்பது நினைவுக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்.

இசைக்குள் ஆல்பம் நுழைந்தது முதலில் அச்சுத்தாள் வடிவில். ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் 1848இல் இளையோருக்கென்று எழுதிய 43 சிறு பியானோ உருப்படிகளுக்கு ஆல்பம் என்றே பெயர் வைத்தார். இன்றைய பொருள் வந்தது இசைத்தட்டுகளால். நிமிடத்துக்கு 78 சுற்று சுழன்ற பழைய தட்டின் ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும். நீண்ட படைப்பென்றால் நான்கைந்து தட்டுகளாக உடைத்துத்தான் விற்க வேண்டும். அவற்றைக் காகித உறைகளில் செருகி, உறைகளைப் புகைப்பட ஆல்பம் போலவே அட்டை கட்டி விற்றார்கள். 1909இல் ஓடியன் நிறுவனம் சாய்கோவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ இசையை நான்கு தட்டுகளில் இப்படி வெளியிட்டது. அப்போது ஆல்பம் என்பது அட்டையின் பெயர், பாட்டின் பெயர் அல்ல. 1948இல் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று நெடுந்தட்டைக் கொண்டுவந்ததும் நான்கைந்து தட்டின் சரக்கு ஒரே தட்டில் அடங்கிவிட்டது. கட்டிய ஏட்டுக்கு வேலை போயிற்று. பெயர் மட்டும் தட்டில் ஒட்டிக்கொண்டது. பிறகு தட்டும் போய், ஒலிநாடா வந்து, குறுந்தகடும் போய், இன்று கையில் பிடிக்க ஒன்றுமே இல்லாத காலத்திலும் அதே பெயர் தொடர்கிறது.

பெயர் மட்டுமில்லை, அளவும் தொடர்கிறது. குறுந்தகட்டில் 74 நிமிடம் பதிய இடம் இருந்தும், ஸ்பைஸ்வேர்ல்ட் 40 நிமிடத்துக்குள் முடிகிறது. நெடுந்தட்டின் இரண்டு பக்கங்கள் பழக்கிவிட்ட நீளம் அது.

இனி தமிழுக்கு வருவோம். கலைச்சொல் பட்டியல்களில் ‘செருகேடு’ என்று ஒரு சொல் உண்டு. படம் செருகும் ஏட்டுக்கு அருமையான சொல். தட்டுகளை உறையில் செருகிய காலத்துக்கும் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். ஒரு பெண்கள் குழு ‘புதிய செருகேடு’ வெளியிட்டது என்று இன்று எழுதினால் வாசகர் தலையைச் சொறிவார். ‘இசைப்பேழை’ ஒலிநாடாக் காலத்துச் சொல், பெட்டியை நினைவூட்டுவது. ‘இறுவட்டு’ என்று ஈழத்தில் அழகாக வழங்குவது குறுந்தகட்டுக்கு, அதன் உள்ளடக்கத்துக்கு அல்ல. இவை எல்லாம் பொருளை விட்டுவிட்டுப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்ட சொற்கள். பாத்திரம் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறுகிறது.

என் தேர்வு ‘இசைத்தொகை’. தொகுப்புக்கும் தொகைக்கும் வேர் ஒன்றுதானே, இதில் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூல் செய்யுளை நான்காகப் பிரிக்கிறது: முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை. முத்தகம் தனித்து நின்று பொருள் முடிவது. இசை உலகில் ‘சிங்கிள்’ எனப்படும் தனிப்பாட்டுக்கு இதைவிட நெருங்கிய சொல் கிடைக்காது. குளகம் பல பாட்டுகள் சேர்ந்து ஒரே வினையில் முடிவது, அது நமக்கு இங்கே தேவையில்லை. தொடர்நிலை தொடக்கம் முதல் இறுதி வரை கோவையாகச் செல்வது. ஒரே கதையைப் பாட்டுப் பாட்டாகச் சொல்லும் ஆல்பங்கள் அந்த வகை. இரண்டுக்கும் நடுவில் தொகைநிலை. அதைத் தண்டி விளக்கும்போது, பலர் பாடியதைச் சேர்த்தது மட்டுமல்ல, ஒருவரே பாடியதும் தொகைதான் என்கிறார். உரைகாரர்கள் அதற்குத் திருக்குறளைக் காட்டுகிறார்கள். ஆக, தொகை என்பதற்குப் பழையதைத் திரட்டியதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பொருளாலோ காலத்தாலோ அளவாலோ ஒன்றாக நிற்கிற பாடல்கள் போதும். அளவால் நிற்பதற்குக் குறுந்தொகை எடுத்துக்காட்டு. நான்கைந்து பாட்டுகளோடு வரும் சிறிய வெளியீட்டுக்கு ஒரு பெயர் தேடுகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று பார்க்கலாம்.

ஒரே ஓர் இடைஞ்சல். தொகை என்றால் பணமும் நினைவுக்கு வரும். ‘பாடகியின் புதிய தொகை’ என்று எழுதினால் சம்பளம் உயர்ந்துவிட்டதாக வாசகர் நினைத்துக்கொள்வார். முன்னால் ‘இசை’ இருந்தால் அந்தக் குழப்பம் இல்லை. வாய்ப்பாட்டே இல்லாத வெளியீடுகளும் அதில் அடங்கும்.

தொகைநூல்களிலேயே இன்றைய பாப் ஆல்பத்துக்கு வியக்கத்தக்க அளவு கிட்ட வருவது பதிற்றுப்பத்து. ஒவ்வொரு பத்திலும் ஒரு புலவர், ஒரு சேர அரசன், பத்துப் பாட்டு. எட்டுத்தொகையின் மற்றப் பாடல்களுக்கு இப்படித் தலைப்பு இல்லாதிருக்க, இங்கே ஒவ்வொரு பாட்டுக்கும் அதன் அடியிலிருந்தே எடுத்த பெயர் இருக்கிறது. பெயரோடு பாடுபொருளைச் சொல்லும் துறையும், வண்ணம், தூக்கு என்று இசைக் குறிப்பும் இருக்கின்றன. முதல் பத்து கிடைக்காததால் நம் கைக்கு வருவது இரண்டாம் பத்து. அதன் முதல் பாட்டின் பெயர் ‘புண்ணுமிழ் குருதி’, வண்ணம் ஒழுகுவண்ணம், தூக்கு செந்தூக்கு. பத்து முடிந்ததும் பதிகம் வருகிறது: யார் பாடினார், யாரைப் பாடினார், எந்தெந்தப் பாட்டு, என்ன பரிசில். பாடிய குமட்டூர்க் கண்ணனாருக்கு உம்பற்காட்டில் 500 ஊரும், 38 ஆண்டுக்குத் தென்னாட்டு வருவாயில் ஒரு பங்கும் கிடைத்ததாக அது சொல்கிறது. ராயல்டி என்ற ஏற்பாட்டை ஐரோப்பியர் கண்டுபிடித்ததாக நினைப்பவர்கள் இந்தப் பதிகத்தைப் படித்துப் பார்க்கலாம்.

தொகைநூல்களைப் பற்றிச் சொல்லும்போது இன்னொரு பழைய வழக்கமும் கைகொடுக்கும். தொகுத்தவர் என்று ஒருவரையும் தொகுப்பித்தவர் என்று இன்னொருவரையும் தனித்தனியாகக் குறிப்பார்கள். அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. செய்தவனும் செய்வித்தவனும் வேறு. பாப் இசையில் பாதிச் சண்டை இந்த வேறுபாட்டைப் பற்றியதுதான். ஸ்பைஸ் கேர்ள்ஸைப் பத்திரிகைகள் ‘உற்பத்தி செய்யப்பட்ட குழு’ என்ற பொருளில் ஏளனம் செய்தன. அதைச் ‘செயற்கைக் குழு’ என்று தமிழாக்கினால் போலி என்ற பொருள் ஏறிவிடும். ‘தயாரிக்கப்பட்ட குழு’ என்றால் சோப்புக்கட்டி மாதிரி இருக்கிறது. தமிழுக்கு இங்கே இலக்கணமே வழிகாட்டுகிறது. தன்வினையில் ‘கூடிய குழு’, பிறவினையில் ‘கூட்டிய குழு’. நண்பர்கள் தாமாகச் சேர்ந்தால் கூடிய குழு. மேலாளர் ஆள் எடுத்துச் சேர்த்தால் கூட்டிய குழு. ஓர் ஒற்றெழுத்திலேயே வேலை முடிந்துவிடுகிறது, வசையும் இல்லை.

ஸ்பைஸ் கேர்ள்ஸ் ஐயமில்லாமல் கூட்டிய குழு. 1994இல் பாப் ஹெர்பர்ட், அவர் மகன் கிறிஸ் என்ற மேலாளர்கள் ‘தி ஸ்டேஜ்’ பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். பாடவும் ஆடவும் தெரிந்த 18 முதல் 23 வயதுப் பெண்கள் தேவை என்றது விளம்பரம். சுமார் 400 பேர் தேர்வுக்கு வந்தார்கள். எடுக்கப்பட்டவர்களை மெய்டன்ஹெட்டில் ஒரு வீட்டில் தங்கவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் விலக, அவர் இடத்துக்கு எம்மா பன்டன் வந்தார். ஆனால் அடுத்த ஆண்டே ஐவரும் அந்த மேலாளர்களை உதறிவிட்டுச் சைமன் ஃபுல்லரிடம் போனார்கள். கூட்டியவரை விட்டுவிட்டுக் கூட்டம் நடந்து போனது. பிறவினை அந்த நாளே தன்வினையாகிவிட்டது என்பேன்.

இரண்டாவது ஆல்பம் பிறந்த விதமும் இதையே காட்டுகிறது. 1997 கோடையில் குழு ஒரு திரைப்படத்தில் நடித்துக்கொண்டிருந்தது. ஒலிப்பதிவுக்கு நாள் ஒதுக்க முடியாததால் நடமாடும் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்று படப்பிடிப்புத் தளத்துக்கே வந்து நின்றது. ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் வண்டிக்குள் போய்ப் பாடிவிட்டுத் திரும்புவார்கள். ஸ்டானர்ட், ரோ இணையும், ‘அப்சல்யூட்’ என்ற பெயரில் இயங்கிய இருவரும் தயாரித்தார்கள். பாட்டெழுதியவர் வரிசையில் தயாரிப்பாளர்களோடு குழுவினரின் பெயரும் இருக்கிறது. ஒரு பாட்டு பெப்சி விளம்பரத்துக்குப் பயன்பட்டது. வணிகம் இல்லை என்று யாரும் சாதிக்க முடியாது. ஆனால் ஆல்பம் கடைக்கு வந்த அதே நவம்பரில் அவர்கள் ஃபுல்லரையும் நீக்கினார்கள். தொகுப்பித்தவர் இல்லாமலே பிறகு சுற்றுப்பயணம் போனார்கள். அடுத்த ஆண்டு ‘ஸ்டாப்’ என்ற பாட்டு பிரிட்டனில் இரண்டாம் இடத்தோடு நின்றது. அதற்கு முன் வந்த ஆறு தனிப்பாட்டுகளும் முதலிடம் பிடித்தவை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் கேர்ள்ஸ் அலவுட் என்ற இன்னொரு பெண்கள் குழு. 2002இல் தொலைக்காட்சிப் போட்டியில் பார்வையாளர் வாக்கால் கூட்டிய குழு அது. அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் 2004 நவம்பரில் வந்தது. முழுவதையும் ஸெனோமேனியா என்ற ஒரே தயாரிப்புக் குழு செய்தது. விமர்சகர்கள் முதலில் பாராட்டியதும் அந்தத் தயாரிப்பைத்தான். தொகுப்பித்தவர் பெயர் முன்னால் வந்தும் பாடியவர்கள் பெயர் கெடவில்லை.

‘இரண்டாவது’ என்பதற்கும் ஒரு வார்த்தை. அமெரிக்கப் பத்திரிகைகள் இரண்டாவது ஆல்பத்துக்குக் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவரைக் குறிக்கும் சொல்லை அடைமொழியாக்குவது வழக்கம். அதைப் பார்த்து ‘இரண்டாமாண்டு ஆல்பம்’ என்று எழுதியவர்கள் உண்டு. முதல் ஆல்பம் வந்து ஐந்து ஆண்டு கழித்து இரண்டாவது வந்தாலும் அந்த அடைமொழி மாறாது. தமிழில் இரண்டாம் இசைத்தொகை என்றால் போதும்.

கடைசியாக, ஆல்பம் என்ற சொல் தமிழிலேயே தடம் மாறியிருக்கிற இடம். திரைப்படத்தில் இடம்பெறாத ஒரே ஒரு பாட்டைக் காணொளியோடு வெளியிட்டு அதை ‘ஆல்பம் பாடல்’ என்கிறோம். பலவற்றின் சேர்க்கையைக் குறிக்க வந்த சொல் ஒற்றைப் பாட்டுக்கு ஆகிவந்துவிட்டது. அங்கே ‘திரைசாராத் தனிப்பாட்டு’ என்று எழுதுவதே சரி. எத்தனை பாட்டு இருந்தால் இசைத்தொகை என்று கேட்பவர்களுக்குக் கிராமி விருதுக்காரர்களின் கணக்கைச் சொல்லலாம்: குறைந்தது ஐந்து வெவ்வேறு பாட்டும் 15 நிமிடமும், அல்லது பாட்டு எத்தனையானாலும் மொத்தம் 30 நிமிடம். கல்யாணப் படங்களை ஒட்டும் ஏட்டுக்கு ஆல்பமே இருந்துவிட்டுப் போகட்டும். செருகேடு என்று சொல்ல விரும்புகிறவர்களை நான் தடுக்க மாட்டேன்.