36 வில்விநாடியில் பிடிபடும் சிறுகோள்

பணம் கட்டினால் ஒரு சிறுகோளுக்கு நம் பெயரை வைத்துவிட முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். முடியாது. அந்தப் பெயர்கள் விற்பனைக்கு இல்லை. சான்றிதழ் அச்சடித்து விற்பவர்களை நம்ப வேண்டாம். ஒரு கல்லுக்குப் பெயர் வர வேண்டுமென்றால், முதலில் அதன் பாதை ஐயமறத் தெரிய வேண்டும்.

2025 ஏப்ரல் 20 அன்று நாசாவின் லூசி விண்கலம் நெருங்கிப் படமெடுத்த டொனால்ட்ஜொஹான்சன் என்ற சிறுகோளையே பார்க்கலாம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் அதை, ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் வானாய்வகத்தில் வானியலாளர் ஷெல்ட் பஸ் 1981 மார்ச் 2-இல் கண்டுபிடித்தார். பெயர் கிடைத்தது 2015-இல்.

இன்றைய தேடலில், ஒரே வானப்பகுதியைச் சில நிமிட இடைவெளிகளில் பெரும்பாலும் நான்கு முறை படமெடுக்கிறார்கள். விண்மீன்கள் அசையா, சிறுகோள் நகர்ந்திருக்கும். இரண்டு படம் போதாது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் பட்ட புள்ளியும் பழுதான பிக்சலும் அச்சு அசலாகச் சிறுகோள் போலவே ஏமாற்றும். நான்கு புள்ளிகளும் சீரான வேகத்தில் ஒரே கோட்டில் போனால்தான் நம்பலாம்.

படம் காட்டுவது திசையை மட்டுமே. தொலைவு? இங்கேதான் அழகு இருக்கிறது. சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் தேடினால், வேகமே தொலைவைச் சொல்லிவிடும். பூமி விநாடிக்கு 29.8 கி.மீ. ஓடுகிறது. சூரியனிலிருந்து 2.5 வானியல் அலகில் (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்) சுற்றும் கல்லோ சுமார் 18.8 கி.மீ.தான். உள்வட்டத்தில் ஓடும் நாம் அதை முந்துவதால், விண்மீன்களின் பின்னணியில் அது மேற்கே நழுவுகிறது. வேக வித்தியாசம் 11 கி.மீ.; இடைத்தூரம் 1.5 அலகு, அதாவது சுமார் 22.4 கோடி கி.மீ. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 36 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு). பாகையில் நூறில் ஒரு பங்கு! வியாழன் இருக்கும் தொலைவென்றால் 20, நெப்டியூனுக்கு அப்பால் 40 அலகில் என்றால் வெறும் 3. ஒரு மணி நேர நகர்வை அளந்தாலே கல் எந்த வட்டாரத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துவிடுகிறது. எதிர்த்திசையை விட்டு வெகுவாக விலகினால் இந்தக் கணக்கு பொய்க்கும். பக்கத்துக் கல்லும் ஓரிடத்தில் நின்றுவிட்டதுபோல் தோன்றி, தொலைதூரக் கல்லாக வேடம் போடும்.

அடுத்தடுத்த இரவுகளில் மறுபடி பிடிக்காவிட்டால் கல் தொலைந்துபோகும். 1801-இல் இத்தாலிய வானியலாளர் பியாட்சி கண்ட முதல் சிறுகோளான சீரிஸை ஆறு வாரம்தான் பின்தொடர முடிந்தது; பிறகு அது சூரிய ஒளியில் மறைந்தது. 24 வயது கணித மேதை காஸ் போட்ட கணக்குதான் ஆண்டு முடிவில் அதை மீட்டுத் தந்தது.

மறுபடி உறுதியானதும் தற்காலிகக் குறியீடு கிடைக்கும். டொனால்ட்ஜொஹான்சனுக்குக் கிடைத்தது 1981 ஈகியூ5. 'ஈ' என்றால் மார்ச் முதல் பாதி. அந்தப் பாதியில் வந்தவற்றை 'ஐ' நீக்கிய 25 ஆங்கில எழுத்துகளால் எண்ணுவார்கள். 5 என்பது முடிந்த சுற்றுகள், 'கியூ' 16-ஆம் எழுத்து. 125-உம் 16-உம் சேர்ந்து 141-ஆவது.

நிரந்தர எண்ணுக்கு வழக்கமாக நான்கு எதிரமைவுகளில், அதாவது கல் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் வரும் நான்கு முறைகளில், பார்த்திருக்க வேண்டும். இந்தக் கல்லுக்கு எதிரமைவு வருவது சுமார் 16 மாதத்துக்கு ஒருமுறை. பழைய படங்களில் தற்செயலாகப் பதிந்திருந்தால் காத்திருப்பு குறையும். இப்படி 52246 என்ற எண் வந்தது.

எண் வந்தபின் பெயரை முன்மொழியும் உரிமை பத்தாண்டுகளுக்குக் கண்டுபிடித்தவருக்கு. முடிவெடுப்பது சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு. வணிகப் பெயர் கூடாது; அரசியல்வாதி, படைத்தலைவர் என்றால் இறந்து நூறாண்டு கழிய வேண்டும். ஆங்கிலத்தில் 16 எழுத்துக்குள், கூடியவரை ஒரே சொல். அதனால்தான், விண்கலத்துக்குப் பெயர் தந்த 'லூசி' என்ற ஆதிமனித மூதாதையின் புதைபடிவத்தைக் கண்டெடுத்த டொனால்ட் ஜொஹான்சனின் பெயர் அங்கே இடைவெளியில்லாமல் ஒட்டி நிற்கிறது.