பந்து வீசும் பிள்ளைகளின் முழங்கை: பேஸ்பால் பெற்றோர் கவனத்துக்கு

அமெரிக்காவில் விளையாட்டுப் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். பேஸ்பால் சீசன் சூடு பிடித்ததும் பத்திலிருந்து பதினான்கு வயதுப் பையன்கள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், பெரும்பாலும் பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள். முழங்கையின் உள்பக்க எலும்பு முனையில் விரல் வைத்து லேசாக அழுத்தினாலே கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்கள். சிலருக்குக் கை முழுசாக நீளாது. அந்த வயதில் அந்த இடத்தில் எலும்பு இன்னும் கூடி முடியவில்லை, நடுவே இருப்பது குருத்தெலும்பு, ஓங்கி வீசும் ஒவ்வொரு தடவையும் அதைத்தான் இழுக்கிறது. 'லிட்டில் லீக் எல்போ' என்று இதற்குப் பெயரே உண்டு.

"லீக்கில் பந்தை எண்ணித்தானே போட விடுகிறார்கள்?" என்பார்கள் பெற்றோர். எண்ணுகிறார்கள், சரி. தொழில்முறை ஆட்டத்தின் உச்சமான மேஜர் லீக்கும், யுஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் 2014-ல் கொண்டுவந்த பிட்ச் ஸ்மார்ட் அளவுப்படி 11, 12 வயதில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 85 பந்து, 66-ஐத் தொட்டாலே நாலு நாள் ஓய்வு. ஆனால் பையன் சனிக்கிழமை லீக் டீமுக்குப் போடுகிறான், ஞாயிறு வெளியூர் போய் ஆடும் ட்ராவல் டீமுக்குப் போடுகிறான், நடுவில் காசு கட்டித் தனிக் கோச்சிங் வேறு. ஒவ்வொரு கோச்சும் தன் கணக்கை மட்டும் பார்க்கிறார். மூன்றையும் கூட்டிப் பார்க்க வீட்டில் இருப்பவர்களை விட்டால் ஆளில்லை.

பணம் போட்டு ஆளை எடுக்கும் தொழில்முறை கிளப்புகள் இதில் எவ்வளவு கெட்டி என்று பாருங்கள். டிராஃப்டில் (கிளப்புகள் முறை வைத்துப் புது ஆட்களைத் தேர்ந்தெடுப்பது) எடுத்தவனைச் சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று கீழ்நிலை லீக்குகளில் படிப்படியாகத்தான் ஏற்றுகிறார்கள், எத்தனை இன்னிங்ஸ் (எதிரணியில் மூன்று பேர் அவுட் ஆகும் வரை ஒரு இன்னிங்ஸ்) போடலாம் என்பதையும் மெதுவாகத்தான் கூட்டுகிறார்கள். 2009 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட பிட்சர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு மறு வருடமே முழங்கைத் தசைநார் கிழிந்து, அதற்குப் பதில் வேறு நாண் வைக்கும் டாமி ஜான் ஆபரேஷன் ஆனது. 2012-ல் அவருடைய டீமான வாஷிங்டன் நேஷனல்ஸ் பிளே-ஆஃப் என்ற நாக்-அவுட் சுற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்த செப்டம்பரில், 159 இன்னிங்ஸைத் தாண்டியதும் அவரை உட்கார வைத்துவிட்டார்கள். ஊரே திட்டியது. 2019 வேர்ல்ட் சீரிஸில், அதாவது மேஜர் லீக்கின் இறுதிப் போட்டித் தொடரில், அவர்தான் சிறந்த ஆட்டக்காரர். அதற்குப் பிறகு அவரால் எட்டு ஆட்டம்தான் தொடங்க முடிந்தது. அவ்வளவு பொத்திப் பாதுகாத்த கைக்கே இந்தக் கதி, கணக்கே இல்லாமல் போடும் பன்னிரண்டு வயதுக் கையை நினைத்தால் எனக்குப் பகீரென்கிறது.

கிளப்புகளும் யோக்கியம் இல்லை. எடுக்கும்போது வேகம் அளக்கும் ராடார் கன்னில் வரும் எண்ணைத்தானே முதலில் பார்க்கிறார்கள், அதனால் பள்ளிக்கூடப் பையனும் எல்லாப் பந்தையும் முழு மூச்சாகவே வீசுகிறான். வேகத்தைத் துரத்துவதுதான் காயங்களுக்கு முக்கியக் காரணம் என்று மேஜர் லீக்கே 2024 டிசம்பரில் அறிக்கை விட்டது.

"ஆபரேஷன் பண்ணினால் கை இன்னும் ஸ்ட்ராங் ஆகுமாமே?" என்று கேட்பவர்களும் உண்டு. ஆகாது. 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் இதை முதலில் செய்துகொடுத்த பிட்சர் டாமி ஜான் 1989 வரை ஆடினார் என்பது உண்மைதான், அந்தக் கதையால் வந்த தைரியம் இது. இன்னொரு இடத்திலிருந்து நாண் எடுத்து ஒட்டி, மறுபடி ஆட்டத்தில் இறங்க ஒரு வருடத்துக்கு மேலே ஆகும், எல்லோரும் திரும்பி வருவதுமில்லை.

அதனால் எல்லா டீமுக்கும் சேர்த்து ஒரே நோட்டில் பந்துக் கணக்கை எழுதுங்கள். 481 சிறுவர்களைப் பத்து வருடம் கவனித்து 2011-ல் வெளியான ஆய்வில், வருடத்துக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல் போட்டவர்களுக்குப் பெரிய காயம் வரும் வாய்ப்பு மூன்றரை மடங்கு இருந்தது. வருடத்தில் நாலு மாதம் பந்து வீசாமல் இருக்கட்டும், வேறு எதையாவது ஆடட்டும். பிட்ச் போட்டு முடித்தவனை அதே ஆட்டத்தில் கேட்சராக (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவன்) நிறுத்தினால் மறுத்துவிடுங்கள், கேட்சரும் நாள் முழுக்க எறிந்துகொண்டேதான் இருப்பான்.

வலி மாத்திரை போட்டு மட்டும் களத்தில் இறக்காதீர்கள். கையை நீட்ட முடியவில்லை, உள்பக்கம் தொட்டால் வலிக்கிறது என்றால் அடுத்த ஆட்டத்துக்கு முன்பே எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். வலிக்காத கைக்கும் சேர்த்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் பதறவேண்டாம், வலிக்கும் கையில் எலும்பு முனை எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அது.